அடுக்களைப் பங்கு

உக்காரும்வே. நின்னுக்கிட்டு இருந்தா எனக்குப் பேச்சு வராது. அந்த பெஞ்சு வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இங்கன உக்காரும். எலை போட இன்னும் நேரம் கெடக்கு. சோறு வடிச்சாச்சி, சாம்பாரு கொதிக்கி. போர்டப் பாத்துட்டுத்தான வந்தீரு? 'சப்ளையர் தேவை'. பக்கத்துலயே இன்னொரு போர்டு தொங்குதே, அதப் படிச்சீரா? படிக்கல. எவனும் படிக்க மாட்டான். நானே சொல்லுதேன் கேளும். 'இங்கு டிப்ஸ் கொடுப்பதும் கிடையாது, வாங்குவதும் கிடையாது. மீறினால் சாப்பாடு கிடையாது. இப்படிக்கு, பால்வண்ணன், உரிமையாளர்.' செவப்புப் பெயிண்டு வாங்கி நான் கைப்பட எழுதினது.

உம்ம பேரு நம்பிராசன்னு சொன்னீரு. ஊரு கடையம். கோயம்புத்தூருல ஹோட்டல்ல நின்னிருக்கீரு. சரி. அங்க டிப்ஸ் வாங்கியிருப்பீரு. இல்லன்னு சொல்லாதேயும், எனக்குப் பொய் சொன்னா பிடிக்காது. வாங்கினதெல்லாம் அங்க. இங்க தென்காசியில, இந்த மெஸ்ஸுக்குள்ள, ஒத்தப் பைசா கைநீட்டக் கூடாது. அவனா குடுத்தாலும் வாங்கக் கூடாது. குடுக்க வந்தான்னு தெரிஞ்சா கையைப் பின்னால கட்டிக்கிடணும். என்ன, மொகம் ஒரு மாதிரிப் போகுது?

டிப்ஸ்னா என்ன வே? நான் சம்பளம் குடுக்கேன், நீரு வேலை பாக்கீரு. அதோட முடிஞ்சிது. நடுவுல சாப்பிட வந்தவன் எதுக்குக் காசு நீட்டுதான்? பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பாடம் நடத்தி முடிச்சா, பிள்ளையெல்லாம் மேசையில சில்லறைய வச்சிட்டா போகுது? இந்தா போறானே மினி பஸ் டிரைவரு, அத்தனை பேரு உயிரையும் கையில வச்சுக் கொண்டாந்து எறக்கி விடுதான். எவனாவது அவனுக்கு ஒரு ரூவா குடுத்துப் பாத்திருக்கீரா? திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். இங்க சாம்பாரு வாளியத் தூக்கிட்டு நாலு எலைக்கு நடந்துட்டா அவன் கையில நோட்டு. கேட்டா, சந்தோசமா குடுக்கேங்கான். உன் சந்தோசத்தை உன் வீட்டுல வச்சுக்கோ. ஒருத்தனைக் கும்பிடு போட வைக்கிறதுல என்னடா சந்தோசம்? எனக்கு அதுவே புரியல.

கோயில்ல தட்டுல போடுதியளே அண்ணாச்சின்னு கேப்பீரு. எல்லாவனும் அதத்தான் கேக்கான். அது தட்சணை வே. வேற. உலகம்மன் சந்நிதிக்கு நான் போனா பட்டருக்கு நல்ல நோட்டாத்தான் வைப்பேன். அவரும் என்னக் கண்டா முன்னால கூப்பிட்டு நிறுத்துவாரு, ஒரு மாலை எடுத்துப் போடுவாரு. அது மரியாதை. அதையும் இதையும் ஒண்ணாப் பேசப்பிடாது.

இங்க ரொம்ப நாளா நின்ன சப்ளையர் ஆவுடையப்பன். செங்கோட்டைக்காரன். ஒல்லியா இருப்பான், நெத்தி நிறைய திருநீறு, தோளுல ஒரு ஈரிழைத் துண்டு. வேலை கேட்டு வந்தப்ப நீரு உக்காந்திருக்கீரே, இதே எடத்துலதான் உக்காந்தான். சம்பளம் எவ்வளவு அண்ணாச்சின்னான். சொன்னேன். மொகம் சுருங்கிப் போச்சி. நான் சொன்னேன், ஏல, எதுத்தாப்புல கோர்ட்டு, வக்கீலு பூரா இங்கதான் சாப்பிடுதான். சாரல் விழுந்துட்டா குத்தாலத்துக்குப் போற கூட்டம் பூரா இந்த ரோட்டுலதான் போகும். கையில வாரது எல்லாம் உனக்குத்தான், நான் அதுல கண்ணு வைக்க மாட்டேன்னேன். அப்பதான் தலையை ஆட்டினான்.

ஆமா, நான்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்ப? அன்னைக்கு நிலைமைக்கு அன்னைக்குச் சொன்னது. சம்பளத்தக் கொறச்சி வைக்கணும்னா என்னத்தையாவது சொல்லத்தான வேணும். வியாபாரம்னா அப்பிடித்தான்.

வேலைக்காரன் நல்ல வேலைக்காரன், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். எந்த வக்கீலுக்குச் சர்க்கரை, எவருக்கு மோருல உப்பு ஆகாது, எவரு அப்பளத்தை நொறுக்கி ரசத்துல போடுவாரு, எல்லாம் மண்டைக்குள்ள வச்சிருப்பான். கேக்க வேண்டாம், எலையில வந்து விழும். ஆனா என்ன ஆச்சின்னா வே, சாப்பிட்டுக் கை கழுவிட்டு வாரவன் பூரா, 'ஆவுடை, வாரேன்பா'ங்கான். 'ஆவுடை, இன்னைக்கு அவியலு அருமைப்பா'ங்கான். கல்லாவுல நான் ஒருத்தன் குத்துக்கல்லு கணக்கா உக்காந்திருக்கேன். எங்கிட்ட என்ன கேக்கான்னு நெனைக்கீரு? 'பத்து ரூவாய்க்குச் சில்லறை இருக்கா?' எடம் என்னது. அரிசி என்னது. அடுப்பு என்னது. அடுப்புல நிக்கிறவ நான் தாலி கட்டினவ. அருமைன்னு அவன்கிட்ட சொல்லுதான்! அவனா பொங்கினான்? எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீரே சொல்லும்.

அதுலயும் இன்னொண்ணு இருக்கு. டிப்ஸ் வைக்கிறவனுக்கு ஒரு கவனிப்பு, வைக்காதவனுக்கு ஒரு கவனிப்புன்னு ஆயிருமா இல்லையா? கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாரவன் பாவம், கையில பஸ்ஸுக்கு மட்டும் வச்சிருப்பான். அவன் என்னத்த வைப்பான்? அவனுக்குக் கூட்டு கேட்டா வராது, பொரியலு ரெண்டாந்தடவ கெடைக்காது. ஏழை எளியதுக்கு அநியாயம். நான் அதுக்காகத்தான் போர்டே வச்சேன். என்ன? ஆவுடையப்பன் அப்பிடிப் பண்ணினானா? பண்ணல. பண்ணல வே. ஆனா பண்ணலாம்ல?

போர்டு வச்ச கதையச் சொல்லுதேன். போன சீசன். நல்ல சாரல். மதுரையில இருந்து ஒரு குடும்பம், மூணு நாளு தொடர்ந்து மத்தியானம் இங்கதான் சாப்பாடு. கூட ஒரு வயசான அம்மா, வாயில பல்லு கெடையாது. இவன் என்ன பண்ணினான், அடுக்களையில சொல்லி அந்த அம்மாவுக்கு மட்டும் சோத்தக் கொழைய வடிக்கச் சொல்லி, பருப்பு ஊத்தி மசிச்சி ஒரு கிண்ணத்துல கொண்டாந்து வச்சான். மூணு நாளும். கடைசி நாளு சாப்பிட்டு எந்திச்சதும் அந்த அம்மா இவன் கன்னத்தத் தடவி, நோட்ட மடிச்சி கையில திணிக்கா. மகன்காரன் ஒரு வாட்சக் கழட்டி மாட்டி விடுதான். பேரன் பேத்தியெல்லாம் 'மாமா மாமா'ன்னு சுத்தி நிக்கி. போட்டோ எடுக்கணுமாம். எல்லாரும் வரிசையா நின்னாச்சி, எடுக்கதுக்கு ஆளு இல்ல. அந்த மகன்காரன் கல்லாவுக்கு வந்து எங்கிட்ட போனக் குடுத்து, 'பெரியவரே, இதக் கொஞ்சம் அமுக்குங்க'ங்கான்.

என் கடையில, என் சப்ளையர, நான் போட்டோ எடுக்கேன். எடுத்தேன். அதுல ஆவுடையப்பனுக்குத் தலை வரல. வேணும்னு செய்யல, அந்த மாதிரிப் போனு எனக்குப் பழக்கமில்ல.

அன்னைக்குச் சாயங்காலமே பெயிண்டு வாங்கியாந்தேன்.

மறுநாளு வந்து போர்டப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். 'அண்ணாச்சி, அப்ப சம்பளத்தக் கூட்டிப் போடுங்க'ன்னான். சீசன் முடியட்டும் பாப்போம்னேன். 'சீசன் முடிஞ்சா கூட்டம் இல்ல, அடுத்த சீசன் வரட்டும்பிய'ன்னான். எவ்வளவு திமிரு பாத்தீரா? நான் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவன் சொல்லுதான். ஏல, சோறு இங்கதான திங்க, தங்க எடம் மேல மாடியில குடுத்திருக்கேன்ல, கோழிக்கூடு மாதிரி இருந்தாலும் எடம் எடம்தானன்னு கேட்டேன். வாளியத் தூக்கிட்டுப் போயிட்டான்.

சரி, போர்டு வச்சாச்சி, பிரச்சினை தீந்துதுன்னு பாத்தா, இந்த வக்கீலுமாரு இருக்கானே! சட்டம் படிச்சவன் எதையாவது நேரா செய்வானா? சாப்பிட்டு முடிச்சி எலைய மடிக்கான்ல, அந்த மடிப்புக்குள்ள நோட்ட வச்சி மடிச்சிட்டுப் போயிருதான். மேல பாத்தா எச்சியெலை. உள்ள காசு. எலை எடுக்க செம்பகம்னு ஒரு பொம்பள நின்னா. அவ எடுத்து, தண்ணியில அலசி, ஆவுடையப்பன்கிட்ட குடுத்திருக்கா. எனக்கு ஒரு வாரம் தெரியவே இல்ல. ஒரு நாளு பின்பக்கம் போனா, கொடியில துணிக்கு நடுவுல நோட்டு காயுது வே. கிளிப்பு மாட்டிக் காயப்போட்டிருக்காவ!

அன்னைல இருந்து நானே எலைய எடுக்க ஆரம்பிச்சேன். சிரிக்காதேயும். வேற என்ன செய்யச் சொல்லுதீரு? செம்பகத்த நம்ப முடியாது, ஆவுடையப்பன நம்ப முடியாது. கல்லாவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டு, ஒரு பிளாஸ்டிக் தொட்டிய எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு எலையா விரிச்சிப் பாத்துப் பாத்து எடுத்தேன். முருங்கைக்காச் சக்கை, கறிவேப்பிலை, புளிச்ச மோரு, அதுக்குள்ள எல்லாம் கைய விட்டுத் துழாவினேன். மொதலாளியே எச்சியெலை எடுக்காருன்னு ஊருல பேசிக்கிட்டாவ. பெருமையாத்தான் பேசியிருப்பாவ. எத்தனை மொதலாளி எடுப்பான்?

அதுலயும் ஒரு வெளியூருக்காரன், என்னப் பாத்து, 'ஏ பெரியவரே, இத எடும், வந்து ஆளு உக்காரணும்'ங்கான். எடுத்தேன். போறப்ப, 'இந்த வயசுலயும் ஒழைக்கீரு'ன்னு சொல்லி என் சட்டைப்பையில இருபது ரூவாயச் சொருகிட்டான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சி. எச்சிக் கையோட ரோடு வரைக்கும் வெரட்டிக்கிட்டுப் போனேன். ஆட்டோவுல ஏறிட்டான் சவம். அந்த நோட்டா? கல்லாவுல போட்டேன். கடையில வந்த காசு கடைக்குத்தான? நான் வாங்கல வே, அவன் சொருகினான். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

இப்பதான் விசயத்துக்கு வாரேன். நான் எலை எடுக்க ஆரம்பிச்சி நாலஞ்சி நாளு இருக்கும். மத்தியானப் பந்தி. எடமே இல்ல, கூட்டம். அடுக்களைக் கதவத் தொறந்துட்டு உலகம்மை வெளிய வந்தா. உலகம்மை என் வீட்டுக்காரி. இந்த மெஸ்ஸு ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவதான் பொங்குதா. பந்தி நேரத்துல வெளிய வர மாட்டா. வரக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன். சேலையில கையத் தொடச்சிக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தா. என் கையில எச்சியெலை.

'டிப்ஸ நிறுத்திட்டியளாமே?'

ஆமா, உனக்கு என்ன அதுலன்னேன்.

'அப்ப என் பங்கு?'

எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னட்டி பங்கு, சொத்துல பங்கா கேக்கன்னேன். சத்தமாத்தான் கேட்டேன். சாப்பிடுதவன் எல்லாம் கையை நிறுத்திட்டான்.

அவ நிதானமாச் சொல்லுதா வே. ஆவுடையப்பன் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து, தெனமும் சாயங்காலம் அன்னைக்கு வந்த டிப்ஸுல ஒரு பங்க எடுத்து, அடுக்களையில உப்பு ஜாடிக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போவானாம். அவன் முன்னால நின்ன கடையில எல்லாம் அதுதான் வழக்கமாம். பரிமாறுதவன் கையில வாரதுல பாதி, பொங்குதவன் கையால வந்ததுன்னு பேரு. அடுக்களைப் பங்காம். இவ எடுத்து முடிஞ்சி வச்சிக்கிடுவாளாம். இவ்வளவு காலமா! என் பொண்டாட்டி, என் சப்ளையருகிட்ட, டிப்ஸு வாங்கியிருக்கா!

நான் ஆவுடையப்பனப் பாத்து, ஏல, மொதலாளி பொண்டாட்டிக்கு டிப்ஸு குடுக்கிற அளவுக்கு உனக்கு நெஞ்சழுத்தமான்னு கேட்டேன். அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கான். உலகம்மைதான் சொன்னா. வந்த புதுசுல அவனுக்கு அவ யாருன்னு தெரியாதாம். சமையலுக்குச் சம்பளத்துக்கு நிக்கிற பொம்பளைன்னு நெனைச்சிருக்கான்.

எப்பிடி வே அப்பிடி நெனைப்பான்? கண்ணு இல்லையா அவனுக்கு? கழுத்துல நகை கெடக்கு. அடகுல இருந்த நேரமா இருக்கும், சரி, விடும். ஆனா நான் அவள எப்பிடிக் கூப்பிடுதேன்னு தெரியாதா? 'ஏட்டி, கூட்டு எங்க?' 'ஏட்டி, தூங்கிட்டியா, ரசம் கொண்டா.' ஒரு நாளைக்கு நூறு தடவ கூப்பிடுதேன். கட்டினவனத் தவிர வேற எவன் அப்பிடிக் கூப்பிடுவான்? அத வச்சித்தான் அவன் சமையக்காரின்னு நெனைச்சானாம்! கோட்டிப்பய.

பொறவு ஆடிப்பூரத்துக்குக் கோயில்ல எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்திருக்கான். அப்பதான் தெரிஞ்சிருக்கு. மறுநாளு அடுக்களைக்குப் போயி, 'அக்கா, மன்னிச்சிருங்க, தெரியாமக் குடுத்துட்டேன்'னு அழுதானாம். அதுக்கு இவ என்ன சொல்லியிருக்கான்னு நெனைக்கீரு? 'அழாத. நிறுத்தவும் செய்யாத'ன்னு சொல்லியிருக்கா.

நான் அவள்ட்ட கேட்டேன், உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? கேட்டது எது வாங்கித் தரல? அந்தக் காச வச்சி என்னட்டி பண்ணினன்னேன். 'ஃபேன் வாங்கினேன்'னா. என்ன ஃபேன்? 'அடுக்களையில ஓடுதே, அது.' ஓடுதாம் வே, ரெண்டு வருசமா. நான் பாக்கல. நான் எதுக்கு அடுக்களைக்குள்ள போறேன்? போயிப் பாத்தேன். ஆமா, சொவத்துல ஒரு ஃபேன். கருப்பு அடைஞ்சி போயி ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுனா? நான்தான கட்டியிருக்கேன்! அதக் கேட்டேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு கதவச் சாத்திட்டுப் போயிட்டா.

ஆவுடையப்பன அந்த எடத்துலயே போகச் சொல்லிட்டேன். சொல்லாம என்ன செய்ய? பந்தி முடியிற வரைக்கும் பரிமாறிட்டு, வாளியக் கழுவிக் கவுத்தி வச்சிட்டு, 'வாரேன் அண்ணாச்சி'ன்னான். வராதன்னேன். ஒன்ன மாதிரி ஆயிரம் பேரு வருவாம்லேன்னேன். எங்க வந்தான்? நீரு நாலாவது ஆளு. மொத வந்தவன் டிப்ஸு கெடையாதுன்னதும் சாப்பிட்டுட்டு ஓடிட்டான். ரெண்டாவது ஆளு வாளியோட வழுக்கி ஒரு முன்சீப்பு மேலயே விழுந்தான். மூணாவது ஒருத்தன், அவன் பேச்ச விடும்.

பொறவு என்ன ஆச்சின்னு கேளும். ஆவுடையப்பன் தேரடிகிட்ட ஒரு சின்ன எடம் பிடிச்சி நாலு மேசை போட்டான். அந்த வக்கீலுமாருல ஒருத்தன்தான் முன்பணத்துக்கு ஏற்பாடு பண்ணிருக்கான். எலைக்குள்ள காசு வச்சி மடிச்சவன்தான். சரி, கடை போடு, எவன் பொங்குவான், எத்தனை நாளைக்கு ஓடும்னு நான் சிரிச்சிக்கிட்டு இருந்தேன். ஒரு நாளு காலையில உலகம்மை வீட்டுல எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. குளிச்சா. நல்ல சேலை ஒண்ணக் கட்டினா. நான் முன்னாலயே வந்து கடையத் தொறந்து, அவ வரட்டும்னு வாசல்ல நிக்கேன். வாரா. வந்து, இந்த வாசலத் தாண்டிப் போறா வே. நிக்கவே இல்ல.

ஏட்டி, எங்கட்டி போறன்னேன்.

'வேலைக்கு'ன்னா.

திரும்பிக்கூடப் பாக்கல. எதுத்தாப்புல டைப்பிங் கடைக்காரன் பாத்துக்கிட்டே இருந்தான். எனக்கு ரோட்டுல நிக்கவே கூசிட்டு.

வீட்டுல சண்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது. அத நீரு தப்பா நெனைச்சிரப்பிடாது. சாயங்காலம் வாரா, தோசை சுடுதா, துணி தொவைக்கா, டீவி பாக்கா. நான்தான் ஒரு நாளு தாங்க முடியாமக் கேட்டேன். கடை நாறிக்கிட்டுக் கெடக்கு, வந்துருட்டின்னேன். 'சம்பளம் என்ன தருவிய?'ன்னா. கட்டின பொண்டாட்டிக்குச் சம்பளமா, ஊரு சிரிக்காதான்னேன். 'அங்க தாரான்'ன்னா. என்னத்த பெரிசாத் தந்துருவான்னேன். அதுக்கு என்ன சொல்லுதா தெரியுமா? அங்க சாப்பிட்டவன் நல்லாருக்குன்னு சொன்னா, ஆவுடையப்பன் அவனக் கையப் பிடிச்சி அடுக்களை வாசலுக்குக் கூட்டியாந்து, 'இவங்கதான் பொங்குனாங்க, இவங்கள்ட்ட சொல்லுங்க'ங்கானாம். அந்த முன்சீப்பு வந்து கும்பிட்டானாம். இதெல்லாம் ஒரு சம்பளமா? வயசான காலத்துல இதுக்காடி போறன்னு கேட்டேன். வெளக்க அணைச்சிட்டுப் படுத்துட்டா.

இப்ப இங்க நான்தான் பொங்குதேன். ஒரு மாஸ்டர் வச்சேன், சங்கரன்கோயிலுக்காரன், எல்லாத்துலயும் சோம்ப அள்ளிப் போட்டுட்டான். கோர்ட்டுக் கூட்டம் பூரா இந்த வாசலத் தாண்டித்தான் தேரடிக்குப் போகுது. தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போவான், எங்கிட்ட கண்ணு குடுக்க மாட்டான். நான் கல்லாவுல உக்காந்து ஈ ஓட்டுதேன். வாடகை நின்னு போச்சி. வார தை வரைக்கும் பாப்பேன், பொறவு பூட்டிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். எல்லாம் இந்த டிப்ஸால வந்தது வே. அது மட்டும் இல்லன்னா என் அடுக்களையில என் பொண்டாட்டி நின்னுருப்பா. நான் சொல்லுதது சரிதான?

அங்க போயிப் பாத்தியளான்னு கேக்கீரு. போனேன். போகக்கூடாதுன்னுதான் இருந்தேன். போன ஞாயித்துக்கெழமை. என் கடைக்கு லீவு. வீட்டுல ஆளு இல்ல, அவ வேலைக்குப் போயிட்டா. ஞாயித்துக்கெழமைன்னா அங்க சொதி. அவ வைக்கிற சொதி உமக்குத் தெரியாது. தேங்காப்பாலு திரியாம, பருப்பு கரையாம, கூட இஞ்சித் தொவையலு. என் கடையில அதுக்குன்னே அம்பாசமுத்தரத்துல இருந்து வருவான். எனக்குப் பசி வேற. என்ன ஆனாலும் ஆகட்டும்னு போயி ஒரு மூலை மேசையில உக்காந்தேன்.

ஆவுடையப்பன் பாத்தான். எலை போட்டான், தண்ணி தெளிச்சான், பரிமாறினான். நான் எப்பிடிச் சாப்பிடுவேன்னு அவனுக்குத் தெரியும்லா, தொவையல ஓரத்துல வைக்காம சோத்துக்கு நடுவுல வச்சான். சாப்பிட்டேன். ரெண்டாந்தடவ கேக்க வாய் வரல, அவனே வந்து ஊத்தினான். மூணாந்தடவையும் ஊத்தினான்.

கை கழுவிட்டு வந்து காச நீட்டினேன். 'அண்ணாச்சிக்கிட்ட நான் காசு வாங்கவா?'ன்னான். நான் ஓசிச் சோறு திங்க வரலலேன்னேன். அப்ப சொல்லுதான், 'காசு வேண்டாம் அண்ணாச்சி. உள்ள அக்கா நிக்காங்க. போயி, நல்லாருந்துச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதும்.'

போனேன். அடுக்களை வாசல் வரைக்கும் போனேன். கதவே கெடையாது அங்க. அவ முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா, தாளிச்சிக்கிட்டு இருக்கா. கூட நிக்கிற பிள்ளைகிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கா. அவ சிரிச்சி நான் எப்பக் கேட்டேன்னு யோசிச்சிப் பாத்தேன், ஞாவகம் வரல. கொஞ்ச நேரம் நின்னேன். கண்ணத் தொடச்சிக்கிட்டேன். கடுகு பொகையா இருக்கும்.

சொல்லல வே. திரும்பி வந்துட்டேன். எதுக்குச் சொல்லணும்? புருசனுக்குப் பொங்கிப் போடுதது அவ கடமை. அதுக்கு மேல நல்லாருக்குன்னு ஒண்ணு தனியாக் குடுக்கணுமா? அதுவும் டிப்ஸுதான, வேற என்ன? இன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கும் எதிர்பாப்பா. நாளைக்கும் சொன்னா, சொல்லாத அன்னைக்கு மொகம் தொங்கிப் போகும். இத்தனை வருசம் ஒரு நாளு கூட நான் சொன்னதில்ல. ஒரு நாளு கூட அவ சோறு ஒழுங்கா வராம இருந்ததில்ல. அதுதான வே சரியான முறை?

என்ன, எந்திச்சிட்டீரு? உக்காரும். சம்பளமே இன்னும் பேசலையே. மேல தங்குறதுக்கு எடம் இருக்கு, காட்டுதேன். துண்டு நான் வாங்கித் தாரேன். இங்க பாரும், வேணும்னா சம்பளத்துல கொஞ்சம் முன்னப்பின்னப் பாக்கலாம். சீசன் முடியட்டும்.

தேரடிக்கு எப்பிடிப் போகணும்னா கேக்கீரு?

ம். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருந்தீராக்கும். போம்வே, போம். யாரு உம்மப் பிடிச்சி வச்சா? இப்பிடியே நேரா போயி, நகைக்கடை முக்குல திரும்பினா கோபுரம் தெரியும். அதப் பாத்தே நடந்தீருன்னா தேரு நிக்கிற எடம். கூட்டம் நிக்கும், கேக்கவே வேண்டாம். அவனுக்கும் ஆளு தேவைன்னுதான் கேள்விப்பட்டேன்.

வே, நம்பிராசன். இங்க வாரும். போறதுதான் போறீரு, அந்த அடுக்களை வாசல் பக்கமும் போவீரு. சொதி நல்லாருந்துச்சின்னு நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராதேயும்.